ரத்தத்துக்கு எத்தனை மார்க்?

ஒரே பேப்பரை இரண்டு பேர் திருத்தினால் இரண்டு விதமாக மார்க் விழும் என்பது நமக்குத் தெரியாத விஷயமா? ஒருத்தர் "ஸ்டெப் சரி" என்று பாதி மார்க் போடுவார். இன்னொருத்தர் "விடை தப்பு" என்று முட்டை போடுவார். சினிமா உலகத்திலும் அப்படி ஒரு கூத்து நடந்தது. அந்தக் கூத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2011 செப்டம்பரில், கனடா நாட்டின் டொராண்டோ திரைப்பட விழாவில், நள்ளிரவுக் காட்சிப் பிரிவில், இந்தோனேசியாவிலிருந்து ஓர் அடிதடிப் படம் வந்தது. பெயர் 'தி ரெய்டு'. அந்தப் பிரிவில் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் பரிசு அந்தப் படத்துக்கே கிடைத்தது. அடுத்த வருஷம், 2012இல், அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்த நேரத்தில், 'சிகாகோ சன்-டைம்ஸ்' பத்திரிகையின் ரோஜர் ஈபர்ட், நாலு நட்சத்திரத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். நாலுக்கு ஒண்ணு! நம்ம கணக்கில் சொன்னால் 100க்கு 25. அரியர்!

"யாரோ ஒருத்தர் எழுதினா எழுதிட்டுப் போறாரு, நமக்கென்ன?" என்று தள்ளிவிட முடியாது. ஈபர்ட் சாதாரண ஆள் இல்லை. விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசை 1975இல் வாங்கியவர். சினிமா விமர்சகர்களில் அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆள். அவர் கேட்டதன் சாரம் இதுதான்: இந்தப் படத்தில் மனிதர்கள் எங்கே? அடிக்கிறவன் இருக்கிறான், அடி வாங்குகிறவன் இருக்கிறான். அவர்கள் யார், எதற்காக வாழ்கிறார்கள் என்று தெரியவில்லையே! வீடியோ கேம் விளையாடாமல், வேறு யாரோ விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது மாதிரி இருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு.

ரசிகர்கள் விடுவார்களா? "கிழவருக்கு ஆக்‌ஷன் படம் புரியாது" என்று வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஈபர்ட்டும் சளைக்கவில்லை. தன் கருத்தை விளக்கி இன்னொரு கட்டுரையே எழுதினார். அந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. நம்ம ஹாஸ்டலில் பத்துப் பேர் கூடிப் படம் பார்த்தாலும் இதே சண்டைதான். "கதையே இல்லடா!" என்பான் ஒருத்தன். "ஃபைட்டைப் பாருடா, கதை எதுக்கு?" என்பான் இன்னொருத்தன். இரண்டு பேருமே பாதி சரி, பாதி தப்பு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எழுதிய கதை, இரண்டாவதாக வந்த படம்

இயக்குநர் பெயர் கேரத் எவான்ஸ். பிரிட்டனில் உள்ள வேல்ஸ் பகுதிக்காரர். 2007 வாக்கில், இந்தோனேசியாவின் பாரம்பரியத் தற்காப்புக் கலையான பென்சாக் சிலாட் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கப் போனார். போன இடத்தில் ஓர் இளைஞரைப் பார்த்தார். ஒரு தொலைத்தொடர்புக் கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டு, மிச்ச நேரத்தில் சிலாட் பழகிக்கொண்டிருந்த இக்கோ உவைஸ்தான் அவர். நடிப்பு அனுபவம் கிடையாது. அவரை வைத்து 2009இல் 'மெரந்தாவ்' என்ற படம் எடுத்தார் எவான்ஸ்.

அடுத்து ஜெயில், தாதா குடும்பங்கள், அப்பன்-மகன் பகை என்று பெரிய கதை ஒன்றை எழுதி வைத்தார். 'பெரண்டால்' என்று பெயர். ரவுடி, போக்கிரி என்று அர்த்தம். ஆனால் அவ்வளவு பெரிய படத்துக்குப் பணம் புரளவில்லை. என்ன செய்வது? கையில் கிடைக்கும் காசுக்கு ஏற்ற மாதிரி இன்னொரு கதை யோசித்தார். ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடம். உச்சியில் ஒரு தாதா. அவனைப் பிடிக்க 20 போலீஸ்காரர்கள் உள்ளே நுழைகிறார்கள். அவ்வளவுதான் கதை! சுமார் 11 லட்சம் டாலரில் முடித்தார். ஹாலிவுட்காரனுக்கு அது டீச் செலவு! அதுதான் 'தி ரெய்டு'.

மெட்டீரியல் குறைவு, ஆனால் ஜாப் முடிந்தாக வேண்டும் என்ற நிலைமை வொர்க்‌ஷாப்பில் நமக்கும் வருவதுதானே? படம் ஓடியதும் பணம் வந்தது. தூக்கி வைத்திருந்த 'பெரண்டால்' கதையை எடுத்து, முதல் படத்தோடு பொருத்தி, சுமார் 45 லட்சம் டாலரில் 'தி ரெய்டு 2' ஆக்கினார். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் முதலில் காட்டினார்கள். மார்ச்சில் வெளியானது. இரண்டரை மணி நேரப் படம்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். "கதை எங்கே?" என்று ஈபர்ட் கேட்டாரே, அந்தக் கதை முதல் படத்துக்கும் முன்னாலேயே எழுதி முடிக்கப்பட்டு அலமாரியில் கிடந்தது! பணம் இல்லாததால்தான் அது பின்னால் வந்தது. ஆனால் கேள்வி கேட்ட ஈபர்ட் 2013 ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார். இரண்டாவது படத்துக்கு அவர் எத்தனை நட்சத்திரம் போட்டிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

கதை வந்தது... அப்புறம் என்ன ஆச்சு?

முதல் படத்தில் உயிரோடு தப்பிய போலீஸ்காரன் ராமா. தன் குடும்பத்தைக் காப்பாற்றவும், தாதாக்களிடம் கை நீட்டும் போலீஸ் அதிகாரிகளைக் காட்டிக்கொடுக்கவும், பெயரை மாற்றிக்கொண்டு கைதியாக ஜெயிலுக்குள் போகிறான். அங்கே ஊச்சோ என்ற பெரிய தாதா வீட்டுப் பிள்ளையின் நம்பிக்கையைப் பெறுகிறான். வெளியே வந்ததும் அந்தக் கூட்டத்திலேயே வேலைக்குச் சேர்கிறான். ஊச்சோவுக்கு அப்பன் நாற்காலி சீக்கிரம் வேண்டும். பெஜோ என்ற புது ரவுடியோடு கூட்டுச் சேர்கிறான். ஜப்பான்காரக் கும்பலோடு இருந்த சமாதானம் உடைகிறது. பெற்ற அப்பனையே மகன் கொல்கிறான். கடைசியில் யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

இதற்கும் விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம், "சண்டைப் படத்தின் உச்சம் இதுதான்" என்றது. இன்னொரு கூட்டம், "ரொம்ப நீளம், அப்பன்-மகன் கதையும், ரவுடிக் கூட்டத்தில் ஒளிந்திருக்கும் போலீஸ் கதையும் அரைத்த மாவு" என்றது. ரவுடிக் கூட்டத்தில் போலீஸ் என்பது ஹாங்காங்கில் 2002இலேயே 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' படத்தில் பிரமாதமாகச் சொல்லப்பட்ட விஷயம்தான். ஆக, முதல் படத்துக்குக் கதை போதவில்லை, இரண்டாவது படத்துக்குக் கதை அதிகம்! மலேசியாவிலோ விமர்சனத்துக்கே இடமில்லை. வன்முறை மிதமிஞ்சியிருக்கிறது என்று 2014இல் படத்தைத் திரையிடவே அனுமதி மறுத்துவிட்டார்கள்.

சரி, நாம் எப்படி மார்க் போடுவது? கதை இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும் வைத்துப் போடக்கூடாது என்கிறேன். ரத்தம் சிந்தும் படத்திடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அடிக்கு எடை இருக்கிறதா? விழுந்தவனுக்கு ஒரு முகம் இருக்கிறதா? ஜெயித்தவனுக்கு என்ன ஆகிறது?

முதல் கேள்வி: அடிக்கு எடை இருக்கிறதா?

சாதாரணமாக நாம் பார்க்கும் படங்களில் ஹீரோ ஐம்பது பேரை அடிப்பார். சட்டை கசங்காது. தலைமுடி கலையாது. அடி வாங்கியவன் காற்றில் பறப்பான். யார் யாரை அடித்தார் என்று தெரியாதபடி நொடிக்கு நொடி காட்சியை வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஏன்? முழு உடம்பையும் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

இந்தப் படத்தில் அந்த ஏமாற்று வேலை குறைவு. கேமரா தள்ளி நின்று இரண்டு பேரின் தலை முதல் கால் வரை காட்டுகிறது. நடிப்பவர்கள் உண்மையாகவே கலை பயின்றவர்கள். இக்கோ உவைஸ் சிறு வயது முதல் சிலாட் பழகியவர். யாயன் ருஹியானும், கடைசிச் சண்டையில் வரும் செச்செப் ஆரிப் ரஹ்மானும் சிலாட் ஆசான்கள். முதல் படத்தில் போலீஸ் அதிகாரியாக வரும் ஜோ தஸ்லிம், இந்தோனேசியாவின் தேசிய ஜூடோ அணியில் இருந்தவர்.

இன்னொரு விஷயம் நம்ம மாதிரி டிப்ளமோ மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். எவான்ஸும் இக்கோவும் யாயனும் சேர்ந்து, ஷூட்டிங்குக்கு முன்பே ஒவ்வொரு சண்டையையும் பயிற்சி அறையில் பாய் விரித்துப் போட்டு, சின்ன கேமராவில் முழுசாக எடுத்து, எடிட் செய்தும் பார்த்துவிடுவார்கள். எந்த அடிக்கு கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பது முன்னாலேயே முடிவாகிவிடும். டிராயிங் இல்லாமல் நாம் ஜாப்பை லேத்தில் மாட்டுவோமா? அதே கதைதான்! கார் துரத்தல் காட்சியில், ஓடும் காருக்குள் கேமரா ஒரு ஜன்னல் வழியாகப் போய் இன்னொரு பக்கம் வெளியே வரும். அதற்காக ஓர் ஆளைக் கார் ஸீட் மாதிரியே உடை போட்டு மறைத்து உட்கார வைத்து, அவர் கையில் கேமராவைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பயலுக மூளையே மூளை!

இப்படி எடுத்ததால் என்ன லாபம்? அடி விழுந்தால் நமக்கே வலிக்கிறது. சண்டை நீள நீள ஆட்கள் களைக்கிறார்கள். மூச்சு வாங்குகிறது. கால் தடுமாறுகிறது. சமையல்கட்டில் நடக்கும் கடைசிச் சண்டையில் வெள்ளை வெளேர் என்றிருந்த இடம் ரத்தக்களமாவதைப் பார்க்கும்போது, சண்டை ஜாலியான சமாச்சாரம் இல்லை என்று உடம்புக்குத் தெரிகிறது. பூப்போல அடித்து ஐம்பது பேரைச் சாய்க்கும் ஹீரோதான் பொய் சொல்கிறான். அந்தப் பொய்யைப் பார்த்துவிட்டுத்தான் "ஒரு குத்து விட்டா என்ன ஆயிடும்?" என்று நம்ம பசங்க நினைக்கிறார்கள். இந்தக் கேள்வியில் படத்துக்கு முழு மார்க்.

இரண்டாம் கேள்வி: விழுந்தவனுக்கு முகம் இருக்கிறதா?

இங்கேதான் ஈபர்ட் சொன்னதை மறுபடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். முதல் படத்தில் கட்டடத்துக்குள் போன போலீஸ்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் கொஞ்ச நேரத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். படம் பார்த்தவனிடம் கேளுங்கள், அவர்களில் நாலு பேர் பெயர் சொல்லு என்று. முழிப்பான்! காவலுக்கு நிற்கும் ஒரு சின்னப் பையனை, சத்தம் போட்டுவிடுவான் என்று ஒரு போலீஸ் அதிகாரியே சுட்டுத் தள்ளுகிறான். நெஞ்சை உலுக்க வேண்டிய இடம். ஆனால் அடுத்த நிமிஷமே துப்பாக்கிச் சத்தம் ஆரம்பித்து, அந்தப் பையன் மறந்தே போகிறான். அந்த இடத்தில் ஈபர்ட் சொன்னது நியாயம்தான் என்பேன்.

இரண்டாவது படம் இந்தக் குறையைக் கொஞ்சம் சரி செய்தது. பிரகோசோ என்றொரு வயதான கூலிப்படைக்காரன் வருகிறான். நடித்தவர் அதே யாயன் ருஹியான். முதல் படத்தில் 'மேட் டாக்' என்ற வில்லனாக வந்து, துப்பாக்கியால் கொல்வது ஹோட்டலில் பார்சல் வாங்குகிற மாதிரி, அதில் ருசி இல்லை என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு சண்டைக்கு வருவாரே, அவரேதான்! இந்தப் படத்தில் பரட்டைத் தலையும் தாடியுமாகப் பிச்சைக்காரன் போல இருக்கிறார். பிரிந்து போன மனைவியை ஒரு ஹோட்டலுக்கு வரச் சொல்லி, மகனுக்காகப் பணம் கொடுக்கிறார். அந்த அம்மாள் முகம் கொடுத்துப் பேசக்கூடத் தயாராக இல்லை. இத்தனை காலம் ரத்தத்தில் சம்பாதித்த பணம் ஓர் அன்பான வார்த்தையைக்கூட வாங்கித் தரவில்லை. கொஞ்ச நேரத்தில் சொந்தக் கூட்டமே அவரைக் காவு கொடுக்கிறது. ஒரு சந்தில் விழுந்து சாகிறார். அந்தச் சந்தில் பனி பெய்கிறது! ஜகார்த்தாவில் ஏதய்யா பனி என்று பலர் கேலி செய்தார்கள். வெயில் ஊர்க்காரர்களான நமக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஆள் சாகும்போது இயக்குநர் கொஞ்சம் நின்று பார்க்கிறார் என்பதற்கு அந்தப் பனி அடையாளம். கூட்டத்தில் ஒருத்தனாக அவர் சாகவில்லை, ஒரு வீட்டு மனுஷனாகச் சாகிறார்.

ஆனால் எல்லோருக்கும் அந்த மரியாதை கிடைக்கிறதா என்றால், கிடையாது. இரண்டு கையிலும் சுத்தியல் வைத்துக்கொண்டு ரயில் பெட்டியில் ஆட்களை அடித்துச் சாய்க்கும் ஒரு பெண் வருகிறாள். காது கேட்காதவள். கறுப்புக் கண்ணாடி போட்டவள். பேஸ்பால் மட்டையோடு திரியும் கொலைகாரன் அவள் சகோதரன். இவர்கள் எப்படி இப்படி ஆனார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. ஃபிட்டிங் ஷாப்பில் நாம் தினம் எடுக்கும் சுத்தியலை இனி பயந்துகொண்டே எடுக்க வேண்டும் என்பதுதான் மிச்சம். ராமாவின் மனைவிக்கோ தலை காட்டத்தான் வேலை. பெண் என்றால் ஒன்று ஆயுதம், இல்லாவிட்டால் வீட்டில் காத்திருக்கும் படம். இது நியாயமா? மண்டையைப் பிளப்பதைக் கிட்டப் போய்க் காட்டும் சில இடங்களும் தேவைக்கு மேலே. இந்தக் கேள்விக்குப் பாதி மார்க்.

மூன்றாம் கேள்வி: ஜெயித்தவனுக்கு என்ன ஆகிறது?

நம் வழக்கமான படத்தில் கடைசி அடி விழுந்ததும் போலீஸ் ஜீப் வரும், குடும்பம் சிரிக்கும், சுபம். இந்தப் படத்தில் ராமா எல்லோரையும் கொன்று முடித்துவிட்டு, உடம்பெல்லாம் வெட்டுப்பட்டு, நடக்க முடியாமல் வெளியே வருகிறான். எதிரே ஜப்பான்காரக் கும்பல் நிற்கிறது. அவர்கள் ஏதோ சொல்கிறார்கள். என்ன என்று நமக்குக் கேட்காது. போதும், என் வேலை முடிந்தது என்கிற அர்த்தத்தில் ராமா பதில் சொல்கிறான். படம் அதோடு முடிகிறது.

இரண்டரை மணி நேரம் அடித்தவன் கடைசியில் சொல்வது 'போதும்' என்பதுதான். அவனுக்கு மெடல் இல்லை. வீட்டுக்குப் போனதாகக் கூடக் காட்டவில்லை. இதைக் கதை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வசனத்தில் சொல்லாமல் அவன் உடம்பை வைத்துச் சொன்ன கதை அது. இங்கேயும் நல்ல மார்க் போடலாம்.

தடை போட்டால் தீருமா?

தடை செய்தவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. சின்னப் பிள்ளைகள் பார்க்கக்கூடிய படமே இல்லை இது. அதற்குத்தான் வயதுச் சான்றிதழ் இருக்கிறது. அதைத் தியேட்டர்காரனும், கையில் செல்போன் கொடுக்கும் பெற்றோரும் ஒழுங்காக மதித்தால் போதும். வளர்ந்தவர்களிடமிருந்து படத்தையே பிடுங்கிவிட்டால், அதைப் பற்றிப் பேசவும் திட்டவும் வழியில்லாமல் போகும். ஈபர்ட் படத்தைத் திட்டினார். ஆனால் பார்த்துவிட்டுத் திட்டினார். அதுதான் முறை.

1969இல் 'தி வைல்ட் பன்ச்' வந்தபோதும் இதே கூச்சல் எழுந்தது. ரத்தம் அதிகம் என்று ஒரு பக்கம் திட்டு, காவியம் என்று ஒரு பக்கம் பாராட்டு. 1999இல் அமெரிக்க அரசின் பாதுகாக்கப்பட வேண்டிய படங்கள் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். புரூஸ் லீயின் 1973ஆம் வருஷப் படம் 'என்டர் தி டிராகன்' 2004இல் அதே பட்டியலுக்குப் போனது. பென்சாக் சிலாட் கலையையே 2019இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதற்காகத் திட்டு வாங்கிய படமெல்லாம் காவியமாகிவிடும் என்று சொல்லவில்லை. பாதிக்கு மேல் குப்பைதான்! அதைப் பிரித்துப் பார்க்கத்தான் நமக்கு அளவுகோல் வேண்டும்.

கடைசியாக நம்ம சமாச்சாரம்

இந்தப் படத்தில் உள்ள திறமை எது என்று நினைக்கிறீர்கள்? அடிப்பதா? இல்லை நண்பர்களே, அடிக்காமல் இருப்பது! வருஷக்கணக்கில் பழகிய கை, எதிரில் நிற்பவன் முகத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நிற்கத் தெரிந்திருக்கிறது. எதிரில் நிற்பவனை அடுத்த டேக்குக்கும், அடுத்த நாள் ஷூட்டிங்குக்கும், அவன் வீட்டுக்கும் முழு உடம்போடு அனுப்ப வேண்டும் என்ற பொறுப்பு அந்தக் கைக்கு உண்டு.

பஸ் ஸ்டாண்டில் நடக்கும் சண்டையில் அந்தப் பொறுப்பு யாருக்கு இருக்கிறது? அங்கே பாய் விரித்தவன் இல்லை. 'கட்' சொல்ல ஆள் இல்லை. ஜூனியர்-சீனியர் தகராறு, அந்த டிபார்ட்மெண்ட் இந்த டிபார்ட்மெண்ட் தகராறு, ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி வரும் தகராறு என்று ஆரம்பித்து, ஒரே ஒரு அடியில் ஒருத்தன் ஆஸ்பத்திரியிலும் இன்னொருத்தன் ஸ்டேஷனிலும் போய் முடிகிறான். சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தவன், "செம ஃபைட் மச்சி!" என்று நாலு பேருக்கு அனுப்புகிறான். அடுத்த நாள் பிரின்ஸிபால் அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கட்டி நிற்பது யார்? அந்த இருவரின் அப்பாக்கள். அந்தக் காட்சியை எவனும் செல்போனில் பிடிப்பதில்லை.

ஈபர்ட்டின் கேள்வியை நான் அதனால்தான் தூக்கிப் போட மறுக்கிறேன். அவர் போட்ட மார்க் குறைவு என்பது என் கட்சி. நான் திருத்தினால் முதல் படத்துக்கு நாலுக்கு இரண்டரை, இரண்டாவது படத்துக்கு மூன்று போடுவேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி, "விழுந்தவன் யார்?" என்கிற அந்த ஒரு கேள்வி, நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. சினிமாவிடம் கேட்க வேண்டிய கேள்வி. நம்மிடமே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் கூட.

படம் பாருங்கள், ரசியுங்கள், விசில் அடியுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? விசில் அடித்த வாயை மூடும் முன்பு, கீழே கிடக்கிறவன் முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். அவ்வளவுதான் நண்பர்களே, நான் கேட்பது!